சிவப்புப் பென்சில் திருத்திய மொட்டைக் கடிதம்

அத்தியாயம் 4

"அக்கா, இந்த ஆளு தலையில அஞ்சு முழத்துக்குக் கட்டுப் போட்டிருக்கான். ஆனா சிரிப்புல ஒரு கீறல்கூட விழல பாருங்க" என்றான் ராஜப்பன்.

நசீம் பானு, ராஜப்பன் காட்டிய 'கண்கொத்தி' வார இதழின் அட்டையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, உள்பக்கத்தில் இருந்த மொட்டைக் கடிதத்துக்குத் திரும்பினாள். அட்டையில் கட்டோடு சிரித்துக்கொண்டிருந்தவர் அதன் ஆசிரியர் குப்புராஜ். கொலை மிரட்டல் கடிதம் வந்த அதிர்ச்சியில் படியில் உருண்டு விழுந்துவிட்டாராம்.

தருமபுரியில் ஒரு லுங்கிக் கடையின் மாடியில் துப்பறியும் நிலையம் நடத்துகிறவள் நசீம் பானு. ராஜப்பன் அவளிடம் உதவியாளனாகச் சேர்ந்து இரண்டு வருடம். அதற்கு முன் கல்யாணக் கச்சேரிகளில் பாட்டுக்குப் பாட்டு நடுவே ஜோக் சொல்லிப் பிழைத்தவன். வாய் இன்னும் அந்த மேடையை விட்டு இறங்கவில்லை.

இருவரும் உட்கார்ந்திருந்தது கம்பைநல்லூரில், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் சவரிமுத்துவின் வீட்டுக் கூடத்தில். எதிரே நாற்காலியில் சவரிமுத்து இருந்தார். பதினோரு நாளாக அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

"டாக்டரு தொண்டையில ஒண்ணும் இல்லைங்கறாருங்க" என்றாள் அவர் மனைவி ராயம்மாள். "வாயத் தொறந்து 'நான் எழுதல'ன்னு ஒரு வார்த்தை சொன்னா ஊரு நம்பும். சொல்லமாட்டேங்கறாரு. அதான் உங்கள்ட்ட ஓடியாந்தேன். நீங்களாச்சும் நிரூபிச்சுக் குடுங்க. எங்களுக்கு வேற யாரு இருக்கா? ஒரே பையன், அவனும் தருமபுரியில வேலைக்குப் போறான். அன்னிக்கு நடந்ததுல இருந்து இந்தப் பக்கமே எட்டிப் பாக்கல. பயந்துட்டானாட்டம் இருக்குது."

நடந்தது இதுதான். வாசகசாலை ஒன்றை இருபது வருடமாகத் தன் சம்பளத்திலும் பிறகு பென்ஷனிலும் நடத்திவந்தார் சவரிமுத்து. ஞாயிறு மாலைகளில் அங்கே 'கேள்வி மேடை' நடக்கும். யாரும் எழுந்து எதையும் கேட்கலாம், பதில் சொல்லலாம். ஆனால் ஆதாரமில்லாமல் ஒருவர் பேரை இழுக்கக் கூடாது. குப்புராஜ் முதன்முதலில் பேசிப் பழகியதே அந்த மேடையில்தான். பிறகு, யாரையும் திட்டாமல் பேசினால் நாற்பது பேர், ஒருத்தரைத் திட்டினால் நானூறு பேர் என்பதைக் கண்டுகொண்டார். பத்திரிகை வந்தது. 'குப்புராஜ் குமுறல்' கேசட் வந்தது. டீக்கடைக்கு டீக்கடை அந்தக் குரல்தான்.

இரண்டு மாதம் முன்பு ஒரு நர்ஸம்மாவைப் பற்றிக் 'கண்கொத்தி'யில் அசிங்கமாக எழுதினார் குப்புராஜ். கேள்வி மேடைக்கு அவர் வந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, சவரிமுத்து எழுந்து நின்று, "ஆதாரம் இருந்தா எடுங்க தம்பி. இல்லைன்னா அந்தம்மாகிட்ட மன்னிப்புக் கேளுங்க" என்றார். குப்புராஜ் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

அடுத்த வாரம் முதல் மொட்டைக் கடிதம் 'கண்கொத்தி'யில் வந்தது. கையெழுத்தை அப்படியே படமாக பிளாக் செய்து போட்டிருந்தார்கள். நாக்கை அறுப்பேன், கையை வெட்டுவேன் என்று மூன்று வாரம் மூன்று கடிதம். மூன்றாவது கடிதம் வந்த அன்று ஒரு பொதுக்கூட்டத்தில் குப்புராஜ் தேம்பி அழுதார். "எழுதினவர் பேரைச் சொல்லமாட்டேன். கம்பைநல்லூரில் வாசகசாலை வைத்திருக்கும் பெரிய மனிதர் என்று மட்டும் சொல்கிறேன்."

அன்றே வாசகசாலை நொறுங்கியது. புத்தகங்கள் தெருவில் எரிந்தன. அறுபது வயதுக்காரரின் கழுத்தில் செருப்பு மாலை விழுந்தது. போட்டவர்களில் பாதிப் பேர் அவரிடம் அ, ஆ படித்தவர்கள்.

"ராஜப்பா, ஒரு பேப்பர்ல உங்க வூட்டுக்கு நாலு வரி லெட்டர் எழுது" என்றாள் பானு திடீரென்று.

"சம்பளம் வரலைன்னு எழுதவா?"

"எதையாச்சும் எழுது."

எழுதிக் கொடுத்தான். பானு அதை மொட்டைக் கடிதத்தின் பக்கத்தில் வைத்தாள். "என்ன வித்தியாசம்?"

"அவன் கையெழுத்து நல்லாருக்கு. என்னுது சாராயம் குடிச்சவன் நடந்த மாதிரி இருக்கு."

"வலது பக்க ஓரத்தைப் பாரு."

ராஜப்பன் பார்த்தான். அவனுடைய வரிகள் ஒன்று நீண்டும் ஒன்று குட்டையாகவும் வலது பக்கத்தில் கண்டபடி முடிந்திருந்தன. மொட்டைக் கடிதத்தில் எல்லா வரியும் ஸ்கேல் வைத்து வெட்டியதுபோல ஒரே இடத்தில் முடிந்தன. இடம் பத்தாத வரியில் எழுத்தை நெருக்கியும், மிஞ்சிய வரியில் வார்த்தைகளைத் தள்ளித் தள்ளி வைத்தும் எழுதியிருந்தது. மூன்று கடிதத்திலும் அப்படியே.

"இடது ஓரத்தை நேரா எழுதறவங்க ஆயிரம் பேரு. வலது ஓரத்தையும் நேரா எழுதறவன் யாரு?"

"பைத்தியக்காரன்."

"இல்லைன்னா, நாள் முழுக்க ஈய எழுத்தைக் கோத்துக் கோத்து வரியை நிரப்பற ஆளு. அச்சுக் கோக்கறவன்."

ராஜப்பன் விசிலடிக்க உதட்டைக் குவித்து, ராயம்மாளைப் பார்த்து அடக்கிக்கொண்டான். "அப்போ குப்புராஜு தனக்குத்தானே மொட்டைக் கடிதாசி எழுதிக்கிட்டாரு, அதுவும் அச்சாபீஸ் ஆளை வெச்சு!"

பானு மூன்றாவது கடிதம் வந்த இதழைப் புரட்டினாள். அதில் ஒரு வார்த்தையைச் சுற்றிச் சிவப்புப் பென்சிலால் வட்டம் போட்டிருந்தது. 'தப்பிக்க முயர்ச்சி செய்யாதே' என்ற வரி. 'ர்' அடிக்கப்பட்டு, மேலே அழகாக 'ற்' என்று திருத்தியிருந்தது.

"இது யாரு பண்ணினது?"

"அவருதானுங்க. அன்னிக்குச் சாயந்திரம் பொஸ்தகம் வந்ததும் படிச்சாரு. பென்சில எடுத்தாரு. அப்புறம் அப்படியே உக்காந்துட்டாரு. கொஞ்ச நேரத்துல கூட்டம் வந்திருச்சு."

"வாத்தியாருன்னா வாத்தியாருதான்" என்றான் ராஜப்பன். "நாக்கை அறுப்பேன்னு எழுதினவனுக்கும் மார்க் போட்டிருக்காரு."

யாரும் சிரிக்கவில்லை. பானு அந்த இதழை மடித்துப் பையில் வைக்கப் போனபோது சவரிமுத்துவின் கை நீண்டு அதைப் பிடித்தது. நல்ல பிடி. அவர் பானுவின் முகத்தையே பார்த்தார். தலையை இடமும் வலமும் மெதுவாக அசைத்தார்.

"வுடுங்க. நம்ம நல்லதுக்குத்தான வந்திருக்காங்க" என்று ராயம்மாள் அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.

வெளியே வந்ததும், "பாவம், பயந்து கெடக்காரு" என்றான் ராஜப்பன்.

"அது பயம் மாதிரி இல்ல" என்றாள் பானு.

பஸ் நிறுத்தத்துச் சுவரில் புதுச் சுவரொட்டி. இன்று மாலை ஐந்து மணிக்குக் கம்பைநல்லூர் சந்தைத் திடலில் குப்புராஜ் பேசும் மாபெரும் கண்ணீர் விளக்கப் பொதுக்கூட்டம்.

"கண்ணீருக்கே டைம் போட்டிருக்கான் பாருங்க. அஞ்சு மணிக்கு மேல வந்தா ஈரம்தான் இருக்கும்போல."

'கண்கொத்தி'யின் கடைசிப் பக்க அடியில் பொடி எழுத்தில் அச்சகத்தின் பெயர் இருந்தது. தருமபுரி பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்து. மதியம் ஒரு மணிக்கு அங்கே போய் நின்றார்கள். முதலாளி சாப்பிடப் போயிருந்தார். எழுத்துப் பெட்டிகளுக்கு முன்னால் இருபத்திநாலு, இருபத்தைந்து வயதில் மெலிந்த ஒருவன் மட்டும் நின்று அச்சுக் கோத்துக்கொண்டிருந்தான்.

"நோட்டீஸ் அடிக்கணும் தம்பி" என்றாள் பானு. "என் கையெழுத்து எனக்கே புரியாது. நான் சொல்றேன், நீங்க எழுதிக்கறீங்களா?"

அவன் பேப்பர் எடுத்தான்.

"பானு தையலகம். பெண்களுக்கான அனைத்து உடைகளும் குறித்த நேரத்தில் தைத்துத் தரப்படும். நம்பிக்கை எங்கள் பலம். விடாமுயற்சி எங்கள் மூலதனம்."

எழுதி நீட்டினான். ராஜப்பன் எட்டிப் பார்த்தான். நான்கு வரியும் வலது பக்கத்தில் ஒரே கோட்டில் முடிந்திருந்தன. நான்காவது வரியில் 'விடாமுயர்ச்சி' என்று இருந்தது.

ராஜப்பனுக்கு உள்ளுக்குள் குதித்தது. நோட்டீஸுக்குள் வலை விரித்து மீனைப் பிடித்துவிட்டாளே அக்கா! பானுவின் முகத்தில் மட்டும் துளி சந்தோஷம் இல்லை.

"உங்க பேரு தம்பி?"

"இன்னாசிராஜ்ங்க."

"அப்பா பேரு?"

அவன் எழுத்துப் பெட்டியின் பக்கம் திரும்பிக்கொண்டான். பானு பையிலிருந்து இதழை எடுத்து, சிவப்பு வட்டம் தெரியும்படி அவன் முன்னால் விரித்தாள்.

"மூணாங்கிளாஸ்ல இருந்து இந்த வார்த்தைக்கு உங்களுக்கு அடி விழுந்திருக்கும்னு நினைக்கிறேன்."

இன்னாசிராஜ் அந்தத் திருத்தத்தை மை படிந்த விரலால் தொட்டுப் பார்த்தான்.

"எங்கப்பாவுக்குத் தெரியுமா?" என்றான். "கூட்டம் வர்றதுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும். அதனாலதான் அவரு வாயைத் தொறக்கல. 'நான் எழுதல'ன்னு சொன்னா, 'அப்ப யாரு'ன்னு கேப்பாங்கல்ல?"

அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான். கையில் கோத்து வைத்திருந்த வரி சிதறி எழுத்துகள் நாலாபக்கமும் ஓடின. ராஜப்பன் குனிந்து அவற்றைப் பொறுக்க ஆரம்பித்தான். வேறு என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியவில்லை. வாத்தியார் மகன்! காலையில் அந்தப் பெரியவர் பிடித்த பிடி எதற்கென்று இப்போதுதான் புரிந்தது.

"விளையாட்டுக்குன்னு சொன்னாருங்க" என்றான் இன்னாசிராஜ். "என் கையெழுத்துன்னா கண்டுபுடிச்சிருவாங்க, நான் சொல்லச் சொல்ல நீ எழுதுன்னாரு. துணை ஆசிரியர்னு என் பேரைப் போடறேன்னாரு. அச்சுல என் பேரு ஒருதடவைகூட வந்ததில்லைங்க. எத்தனை பேரு பேரைக் கோத்திருப்பேன்! சத்தியமா எங்கப்பா மேல கையக் காட்டுவாருன்னு தெரியாது. அன்னிக்கு ராத்திரியே கேட்டேன். 'நீ வாயத் தொறந்தா ஜெயிலுக்குப் போறது நீதான், எழுத்து உன்னுது'ன்னாரு."

பானு வெள்ளைத்தாளை எடுத்து வைத்தாள். "நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போடுங்க. நாளைக்குக் காலையில இன்ஸ்பெக்டர்கிட்ட நான் கூட வர்றேன்."

அவன் எழுதினான். இரண்டு பக்கம். பானு அதை மடித்து வைத்துக்கொண்டாள். அப்போது ராஜப்பன்தான் வாயைத் திறந்தான்.

"ஸ்டேஷன்ல குடுத்தா ஒரு ஃபைலுக்குத் தெரியும். ஊருக்கு எப்படித் தெரியும் அக்கா? ஊரைக் கூட்டி அசிங்கப்படுத்தினாங்க. ஊரைக் கூட்டித்தான் சொல்லணும். இன்னிக்குச் சாயந்திரம் அதே மைக்ல இவரு ஏறிச் சொல்லட்டும்."

"அந்தக் கூட்டம் கேக்க வர்ற கூட்டம் இல்ல ராஜப்பா."

"நான் பதினஞ்சு வருஷம் கூட்டத்தைப் பாத்தவன் அக்கா. பெத்த மகன் நின்னு அழுது சொன்னா கல்லுகூடக் கரையும்."

"நான் சொல்றேன்" என்று எழுந்தான் இன்னாசிராஜ். "இன்னிக்கே சொல்றேன்."

பானு அரைமனதோடு பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

ஐந்தரை மணிக்குச் சந்தைத் திடலில் எள் போட இடமில்லை. அரூர் வண்டியிலும் கடத்தூர் வண்டியிலும் ஆட்கள் வந்து இறங்கினார்கள். கடலை வறுக்கிறவனுக்கும் கேசட் விற்கிறவனுக்கும் கை ஓயவில்லை. வேப்பமரத்திலும் மின்கம்பத்திலும் கட்டிய குழாய்கள் ஊர் முழுக்க அலறின. குப்புராஜின் தலையில் கட்டு அப்படியே இருந்தது. வெள்ளைத் துணி மட்டும் புதுசு.

"என் நாக்கை அறுப்பதாக எழுதுகிறான்! அறுத்துப் பார்! அறுந்த நாக்கும் உண்மையைத்தான் பேசும்!"

விசில் பறந்தது. அந்த நேரத்தில் இன்னாசிராஜ் மேடையேறினான். யாரும் தடுக்கவில்லை, மாலை போட வந்தவன் என்று நினைத்திருப்பார்கள். நேராகப் போய் மைக்கைப் பிடித்தான்.

"நான் சவரிமுத்து வாத்தியார் மகன் இன்னாசிராஜ். அந்த மூணு கடிதாசியும் நான்தான் எழுதினேன். இவரு சொல்லித்தான் எழுதினேன். எங்கப்பாவுக்கு ஒண்ணும் தெரியாது. எங்கப்பா எழுதல. சத்தியமா எங்கப்பா எழுதல."

திடல் அடங்கியது. ராஜப்பன் பானுவின் பக்கம் திரும்பி, 'பாத்தீங்களா' என்று கண்ணால் கேட்டான். அந்த அமைதி எத்தனை விநாடி இருந்தது? ஐந்து இருக்கும். குப்புராஜ் அசையாமல் நின்றார். ராஜப்பன் மேடைக்குக் கீழேயே இருந்ததால் அந்த முகத்தில் முதலில் ஓடிய கலவரத்தையும், அடுத்து அது கணக்குப் போட்டதையும் பார்த்தான்.

குப்புராஜ் இரண்டு கையையும் விரித்தார். இன்னாசிராஜை இழுத்து மார்போடு அணைத்தார். மைக் முன்னால் குரல் தழுதழுத்தது.

"பார்த்தீர்களா தாய்மார்களே! பெற்ற அப்பனைக் காப்பாற்ற, பழியைத் தன் தலையில் தூக்கி வைத்துக்கொள்ள ஓடி வந்திருக்கிறான் ஒரு பிள்ளை! அப்பன் எனக்குக் கத்தியைக் காட்டினான். பிள்ளை என் கண்ணைத் திறந்துவிட்டான். தம்பி, உனக்காக உன் அப்பனை நான் மன்னிக்கிறேன்!"

திடல் வெடித்தது. கைதட்டல், விசில். முன்வரிசைப் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். "இல்லைங்க! நான்தாங்க எழுதினேன்!" என்று இன்னாசிராஜ் கத்தக் கத்தக் கைதட்டல் ஏறியது. யாரோ சாமந்தி மாலையைக் கொண்டுவந்து அவன் கழுத்தில் போட்டார்கள்.

பானு மேடை ஓரத்துக்குப் போய், மடித்த தாளைக் குப்புராஜிடம் உயர்த்திக் காட்டினாள். "எழுதி வாங்கியிருக்கேன். நாளைக்கு இது ஸ்டேஷனுக்குப் போகுது."

அவர் குனிந்தார். மைக்கைக் கையால் மூடிக்கொண்டு பேசும்போது குரல் சாதாரணமாக, களைத்துப்போன ஒரு ஆளின் குரலாக இருந்தது. "குடுங்கம்மா. நானே அட்டையில போடறேன். 'அப்பனுக்காகப் பொய் எழுதிய மகன்'. பத்து வாரம் ஓடும்."

அப்போதுதான் கூட்டம் இரண்டாகப் பிளந்தது. குழாய்ச் சத்தம் வீட்டுக்குக் கேட்டிருக்க வேண்டும். சவரிமுத்து செருப்புகூட இல்லாமல் வந்துகொண்டிருந்தார். "வாத்தியாரு வர்றாரு, மைக்கைக் குடு, மைக்கைக் குடு" என்று நாலு பக்கமும் குரல். மேடையிலிருந்து நீட்டிய மைக்கை அவர் தொடவில்லை. படியேறி, மகன் கழுத்திலிருந்த மாலையைக் கழற்றிக் கீழே வைத்தார். பதினோரு நாளுக்குப் பிறகு அவர் வாயிலிருந்து சத்தம் வந்தது. இரண்டு முழத்தில் நின்ற ராஜப்பனுக்கு மட்டும் கேட்டது.

"வூட்டுக்கு வாடா. அம்மா தனியா இருக்கா."

மகனின் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

"என்ன சொன்னாரு? என்ன சொன்னாரு?" என்று கூட்டம் தவித்தது.

"மன்னிப்புக் கேட்டுவிட்டார்!" என்றார் குப்புராஜ் மைக்கில். "என்னிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டார்!"

"அப்படிச் சொல்லல! அவரு அப்படிச் சொல்லல!" ராஜப்பன் தொண்டை கிழியக் கத்தினான். மைக் இல்லாத அவன் குரல் பக்கத்து ஆளைத் தாண்டவில்லை. கடலை மென்றுகொண்டிருந்த அந்த ஆள் அவன் தோளைத் தட்டி, "நீயும் இந்த செட்டாப்பா? நல்லா பண்றீங்க" என்றான்.

மறுநாள் இன்ஸ்பெக்டர் அந்த இரண்டு பக்கத்தையும் வாசித்தார். புகார் கொடுக்க வேண்டியது சவரிமுத்து. அவர் மகன்மேல் கொடுக்கமாட்டார். பயல் அப்பனுக்காக எழுதிக் கொடுத்ததென்று ஊரே சொல்கிறதே என்றும் சொன்னார் இன்ஸ்பெக்டர். தாள் மேசை இழுப்பறைக்குள் போனது. வெள்ளிக்கிழமை வந்த 'கண்கொத்தி' பத்து மணிக்குள் தீர்ந்து, மறுபடி அச்சடித்தார்கள். அட்டையில் குப்புராஜ் இன்னாசிராஜை அணைத்து நிற்கும் படம். தலைக் கட்டு அதற்குள் கழன்றிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பானுவும் ராஜப்பனும் கம்பைநல்லூர் போனார்கள். பஸ்ஸில் ராஜப்பன் ஒரு வார்த்தை பேசவில்லை. தெருமுனையில் மட்டும், "நீங்க சொன்னீங்க அக்கா. நான்தான் கேக்கல" என்றான். பானு அவன் கையை ஒருமுறை தட்டினாள். பரவாயில்லை என்று சொல்லவில்லை.

சவரிமுத்துவின் வீட்டு வாசலில் இருபது முப்பது பேர். செருப்பு மாலை போட்ட அதே தெருவில் இப்போது வாழைப்பழச் சீப்போடு நின்றார்கள். அச்சாபீஸ் வேலையை விட்டுவிட்ட இன்னாசிராஜ் கதவு நிலையில் சாய்ந்து நின்றான். தாடி முளைத்திருந்தது. ராயம்மாள் வருகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தாள். உள்ளே நாற்காலி சுவரைப் பார்த்துத் திருப்பிப் போட்டிருந்தது. அதில் சவரிமுத்துவின் முதுகு தெரிந்தது. அவர் மறுபடி பேசவேயில்லை என்று ராயம்மாள் கண்ணால் சொன்னாள்.

ஏரியூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள் குள்ளம்மாள் என்ற கிழவி. இன்னாசிராஜின் கன்னத்தை இரண்டு கையாலும் வழித்தாள்.

"எனக்கும் மூணு ஆம்பளப் பசங்க சாமி. ஒருத்தன்கூடச் சோறு போடறதில்ல. நீ என் வயித்துல பொறந்திருக்கக் கூடாதா?"

"ஆயா" என்றான் இன்னாசிராஜ். காலையிலிருந்து எத்தனையாவது முறையோ. "நான் சொல்றதைக் கேளுங்க. அப்பாவைக் காப்பாத்த நான் பொய் சொல்லல. நெசமாவே அதை நான்தான் எழுதினேன்."

கிழவியின் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது.

"சொல்லு சாமி" என்றாள். "பெத்தவனுக்காக இன்னும் நூறு தடவ சொல்லு."

பின்னால் நின்றவர்கள் கைதட்டினார்கள். உள்ளே அந்த முதுகு ஒருமுறை குலுங்கியதை ராஜப்பன் பார்த்தான்.